மாளிகையும் மன்றமும்: எலினார் ரூஸ்வெல்ட் அம்மையாரின் பொதுவாழ்வு

நாட்டின் தலைவரை மக்கள் தேர்ந்தெடுக்கின்றனர். தலைவரின் மனைவியை எவரும் தேர்ந்தெடுப்பதில்லை. எனினும், கணவர் பதவியேற்கும் அந்நாளிலேயே அவருடைய வாழ்வும் பொதுச்சொத்தாகி விடுகிறது. அவர் உடுத்தும் உடையும், அளிக்கும் விருந்தும், பிள்ளைகளை வளர்க்கும் முறையும் ஊராரின் பேச்சுக்கும் செய்தித்தாள்களின் பத்திகளுக்கும் உரியனவாகின்றன. சட்டத்தில் அவருக்கென அதிகாரம் ஏதும் இல்லை, ஊதியமும் இல்லை. கண்கள் மட்டும் ஓயாமல் அவரைத் தொடர்கின்றன. அமெரிக்க நாட்டில் இந்நிலையிலுள்ள பெண்ணை 'முதற் பெண்மணி' என்று வழங்குவர்.

கேளாமலே வந்து விழும் இப்பார்வையை என்ன செய்வது? அதற்கு அஞ்சி ஒதுங்கியோர் உண்டு. அதில் மகிழ்ந்து திளைத்தோரும் உண்டு. தம்மீது விழுந்த பார்வையை, நாடு பார்க்க மறுத்த மக்கள்மீது திருப்பிவிட்டவர் என்று வரலாறு போற்றும் பெயர் எலினார் ரூஸ்வெல்ட் என்பதாகும். 1933 முதல் 1945 வரை பன்னிரண்டு ஆண்டுகள் அவர் அந்நாட்டின் முதற் பெண்மணியாக விளங்கினார். அத்துணை நீண்ட காலம் அந்நிலையில் இருந்தவர் வேறெவரும் இலர்.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில், கடல் கடந்த நாட்டுத் தலைவர் ஒருவரின் மனைவியைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் வினவக்கூடும். பார்க்கப்படாமல் வாழ்வது இன்னது என்பதை நாம் அறிவோம். ஊருக்கு வெளியே குடியமர்த்தப்பட்டு, தனிக்குவளையும் தனிப்பாதையும் விதிக்கப்பட்ட மக்களின் வழிவந்தோர் நாம். ஆதலின், மேலிடத்திலிருந்து வரும் பரிவு எவ்வளவு தூரம் பயன்படும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை அறிந்துகொள்ளும் உரிமையும் தேவையும் நமக்கு உண்டு. அதற்கு இவ்வம்மையாரின் வாழ்வைக் காட்டிலும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இளமையும் கல்வியும்

எலினார் 1884ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். தந்தையாகிய எலியட் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான தியோடர் ரூஸ்வெல்ட்டின் தம்பியாவார். செல்வம் இருந்தும் சிறுமிக்கு மகிழ்ச்சி இல்லை. அழகியெனப் புகழ்பெற்ற தாய், அழகற்றவள் என்று கருதிய தம் மகளைப் 'பாட்டி' என்று கேலியாக அழைப்பது வழக்கம். 1892இல் தாயும் 1894இல் மதுவுக்கு அடிமையான தந்தையும் மறைந்தனர். பத்து வயது நிறையுமுன் பெற்றோரை இழந்த அக்குழந்தை பாட்டியின் இல்லத்தில் வளர்ந்தது.

அவரை மாற்றியது கல்வியே. 1899இல், பதினைந்தாம் வயதில், இலண்டனுக்கு அருகிலிருந்த ஆலன்ஸ்வுட் பள்ளிக்கு அவர் அனுப்பப்பட்டார். அதன் தலைமையாசிரியை மேரி சூவெஸ்ட்ரே என்னும் பிரெஞ்சு அம்மையார். பெண்கள் தாமே சிந்திக்க வேண்டும், ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொல்லுதல் கல்வியாகாது என்று கருதியவர் அவர். மூன்று ஆண்டுகள் அங்குப் பயின்ற எலினார், கூச்சம் நீங்கியவராய்த் தாயகம் திரும்பினார். நல்லாசிரியர் ஒருவர் ஓர் உயிரை எவ்வாறு நிமிர்த்தி நிறுத்துகிறார் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

நாடு திரும்பியவர், நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் நெருங்கி வாழ்ந்த ரிவிங்டன் தெருவில் சமூகநல நிலையமொன்றில் சிறுமியர்க்கு உடற்பயிற்சியும் நடனமும் கற்பிக்கச் சென்றார். தம்மை மணக்க விரும்பிய பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டையும் ஒருநாள் அங்கு அழைத்துச் சென்றார். நோயுற்ற சிறுமி ஒருத்தியை அவளுடைய வீட்டில் விடச் சென்றபோது, மனிதர் இப்படியும் வாழ்கின்றனரா என்று பிராங்க்ளின் திகைத்தார். அவரை ஏழைகளின் வீட்டைக் காணச் செய்த முதற் கை எலினாருடையது.

இல்லறமும் இன்னல்களும்

1905ஆம் ஆண்டு மார்ச்சு 17ஆம் நாள் இருவர்க்கும் திருமணம் நிகழ்ந்தது. அப்போது குடியரசுத் தலைவராயிருந்த பெரியப்பா தியோடர் ரூஸ்வெல்ட்டே மணமகளின் கைப்பிடித்து வந்தார். சடங்கு முடிந்ததும் விருந்தினர் அனைவரும் தலைவரைச் சூழ்ந்துகொள்ள, மணமக்கள் தனித்து நின்றனர். மக்களின் கண் பதவியை நோக்கியே ஓடும் என்னும் பாடத்தை எலினார் தம் மணநாளிலேயே கற்றார் எனலாம்.

அடுத்த பதினொரு ஆண்டுகளில் ஆறு குழந்தைகள் பிறந்தனர். அவர்களுள் ஒருவன் 1909இல் பிறந்து அவ்வாண்டிலேயே இறந்தான். இல்லத்தில் மாமியாரின் ஆட்சியே நடந்தது. 1918இல், கணவருக்கும் வேறொரு பெண்ணுக்கும் இருந்த தொடர்பைக் கடிதங்கள் வாயிலாக அறிய நேர்ந்தது. மணவிலக்கு வரை பேச்சு எழுந்து, பின்னர்க் குடும்பம் பிரியாமலே நின்றது. ஆயினும், கணவரின் நிழலில் வாழ்வதே வாழ்வு என்னும் எண்ணம் அன்றோடு அவரிடமிருந்து அகன்றது.

1921இல் பிராங்க்ளினை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. இரு கால்களும் செயலற்றன. இனி அவர் ஊரக இல்லத்தில் ஓய்வுற்றிருத்தலே தகும் என்று தாய் கருதினார். அரசியலை விடலாகாது என்று எலினாரும் நண்பர் லூயி ஹோவும் வாதிட்டு வென்றனர். கணவரின் பெயர் மக்கள் நினைவினின்று மறையாதிருக்க எலினார் மேடையேறினார். முதலில் குரல் நடுங்கியது. தேவையற்ற இடத்தில் சிரிப்பு வந்தது. பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுத்து, ஒவ்வொரு பிழையாகத் திருத்தியவர் ஹோ. அக்காலத்திலேயே அவர் பெண்கள் தொழிற்சங்கக் கழகத்தில் சேர்ந்து உழைக்கும் மகளிரோடு பழகினார். 1927 முதல் டாட்ஹண்டர் என்னும் பெண்கள் பள்ளியில் ஆசிரியப் பணியும் ஏற்றார். 1928இல் கணவர் நியூயார்க் மாநில ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் அப்பணியை விட்டாரில்லை.

வெள்ளை மாளிகையில்

1932இல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடெங்கும் மகிழ்ச்சி ஆரவாரம். எலினாரின் உள்ளத்திலோ கலக்கம். தாம் விரும்பிய ஆசிரியப் பணியை விட்டு, விருந்தினரை வரவேற்கும் பொம்மையாக வாழ நேருமோ என்று அவர் அஞ்சினார். அவ்வாறு வாழ்வதில்லை என்று உறுதி பூண்டார்.

பதவியேற்பு முடிந்த இரண்டாம் நாள், 1933 மார்ச்சு 6ஆம் நாள், அவர் செய்தியாளர் கூட்டம் ஒன்றைக் கூட்டினார். குடியரசுத் தலைவரின் மனைவி இவ்வாறு கூட்டுவது அதுவே முதன்முறை. அதில் பெண் செய்தியாளர்க்கு மட்டுமே இடம் என்று விதி வகுத்தார். பொருளாதாரப் பெருமந்தத்தால் வேலையிழப்பு மலிந்திருந்த காலம் அது. செய்தித்தாள் நிறுவனங்களில் பெண்களே முதலில் நீக்கப்பட்டனர். அம்மையாரின் கூட்டத்திற்குச் செல்லப் பெண் ஒருவராவது வேண்டும் என்பதால் பலருடைய வேலை நிலைத்தது. பன்னிரண்டு ஆண்டுகளில் இத்தகைய கூட்டங்கள் 348 நடைபெற்றன. தம்மைப் பார்க்க வந்த கண்களுக்கே சோறு கிடைக்கச் செய்த செயல் இது.

அவ்வாண்டு மே மாதம், முதல் உலகப்போர் வீரர்கள் தமக்குரிய ஊக்கத்தொகையைக் கேட்டுத் தலைநகரருகே மீண்டும் முகாமிட்டனர். முந்தைய ஆண்டில் இவ்வாறு திரண்டவர்களை ஹூவர் அரசு படையை ஏவிக் கண்ணீர்ப் புகை வீசி விரட்டியிருந்தது. அவர்களுடைய குடிசைகள் தீக்கிரையாயின. இம்முறை எலினார் தாமே சேற்றில் நடந்து சென்று, அவர்களோடு பேசி, அவர்கள் பாடிய பாட்டில் தாமும் குரல் சேர்த்துத் திரும்பினார். ஹூவர் படையை அனுப்பினார், ரூஸ்வெல்ட் மனைவியை அனுப்பினார் என்று வீரர்கள் பேசிக்கொண்டதாகச் சொல்வர்.

அவர் ஓரிடத்தில் இருந்ததில்லை. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்புகள், சேரிகள், மருத்துவமனைகள், சிறைகள் என நாடெங்கும் சுற்றினார். சக்கர நாற்காலியில் இருந்த கணவருக்கு அவரே கண்ணும் காலுமானார். 1935இல் ஓஹையோ மாநிலத்தில் சுரங்கத்தினுள்ளும் இறங்கிப் பார்த்தார். முதலாண்டில் மட்டும் அவருக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கடிதங்கள் வந்தன. வேலை கேட்டும், பிள்ளைக்குக் காலணி கேட்டும், மனக்குறை கொட்டியும் மக்கள் எழுதினர். 1935 டிசம்பர் இறுதி முதல் 'என் நாள்' என்னும் பத்தியை வாரத்தில் ஆறு நாள் எழுதத் தொடங்கி, 1962 வரை தொடர்ந்தார். கணவர் இறந்தபோது நான்கு நாள் மட்டுமே அப்பத்தி நின்றது.

பெத்யூன் அம்மையாரின் நட்பு

இனி நாம் சிறப்பாக நோக்க வேண்டிய பகுதிக்கு வருவோம். அன்றைய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களுக்குத் தனிப்பள்ளி, தனி இரயில்பெட்டி, தனிக் குடிநீர்க் குழாய் என்று சட்டமே இருந்தது. வாக்குரிமை ஏட்டளவில் நின்றது. குற்றம் சாட்டப்பட்டவரைக் கும்பலாகச் சேர்ந்து மரத்தில் தூக்கிக் கொல்லும் 'லிஞ்சிங்' என்னும் கொடுமை, தண்டிப்பார் இன்றி நடந்துவந்தது.

செல்வர் வீட்டுப் பெண்ணாகிய எலினார் இவற்றைப் பிறவியிலேயே உணர்ந்தவரல்லர், கற்றுக்கொண்டவர். கற்பித்தோருள் தலையாயவர் மேரி மெக்லியோட் பெத்யூன் அம்மையார். அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோர்க்கு 1875இல், பதினேழு மக்களுள் பதினைந்தாமவராகப் பிறந்தவர் அவர். 1904இல் புளோரிடா மாநிலத்து டேட்டோனாவில், கையில் ஒன்றரை டாலரும் ஐந்து சிறுமியருமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பழைய பெட்டிகளே மேசைகள். காட்டுப் பழச்சாறே மை. கரிந்த குச்சிகளே எழுதுகோல். அப்பள்ளி வளர்ந்து கல்லூரியாயிற்று. கையில் பொருளின்றிக் கல்விப்பணி தொடங்கிய எவர்க்கும் இவ்வரலாறு தம் வரலாறாகவே தோன்றும்.

1927இல் மகளிர் அமைப்புத் தலைவியர்க்கு எலினார் தம் இல்லத்தில் விருந்தளித்தார். வந்தோருள் கறுப்பினத்தவர் பெத்யூன் ஒருவரே. அவரருகில் அமர்வதற்கு வெள்ளையின மாதர் சிலர் தயங்கி நின்றனர். அப்போது பிராங்க்ளினின் தாயார் சாரா அம்மையார் பெத்யூனின் கைப்பற்றி அழைத்துச் சென்று, எலினாரின் வலப்பக்கத்தில் அமர்த்தினார் என்று பெத்யூன் பின்னாளில் நினைவுகூர்ந்தார். உடனமர்ந்து உண்பதன் பொருள் என்னவென்பதை நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. அன்று தொடங்கிய நட்பு இறுதிவரை நின்றது. தேசிய இளைஞர் நிறுவனத்தில் கறுப்பினத்தவர்க்கான பிரிவின் பொறுப்பு 1936இல் பெத்யூனிடம் வந்தது. கறுப்பின மாணவர் பல்லாயிரவர் கல்வியுதவி பெற அவர் பாடுபட்டார். வெள்ளை மாளிகையின் கதவு அவருக்குத் திறந்தே இருந்தது.

பர்மிங்காம் நாற்காலி

1938 நவம்பரில் அலபாமா மாநிலத்துப் பர்மிங்காம் நகரில் தென்மாநில மனித நல மாநாடு கூடியது. வெள்ளையரும் கறுப்பரும் கலந்தமர்ந்திருப்பதைக் கண்ட நகரக் காவல்துறை ஆணையர் 'புல்' கானர், இரு இனத்தவரும் தனித்தனியே அமர வேண்டும் என்று ஆணையிட்டார். மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. மாநாட்டிற்கு வந்த எலினார் கறுப்பின மக்களின் பக்கம் சென்று அமர்ந்தார். சட்டத்தை மீறுவதாகக் காவலர் கூறவே, இரு பகுதிக்கும் இடையே நாற்காலியை இடச்செய்து அதில் அமர்ந்தார்.

குடியரசுத் தலைவரின் மனைவியைக் கைது செய்யக் காவலர்க்குத் துணிவில்லை. ஏனையோர் எவரேனும் அவ்வாறு செய்திருந்தால் சிறையே கிடைத்திருக்கும். அவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. ஆயினும், தமக்கிருந்த பாதுகாப்பைத் தம் சொந்த நலத்திற்கன்றிச் சட்டத்தின் அநீதியைக் காட்டப் பயன்படுத்தினார் என்பதே இங்குக் கருதத்தக்கது. ஒரு நாற்காலி எங்கே இடப்படுகிறது என்பது சிறு செய்தியன்று. பள்ளியில் பின்வாயிலருகே தனித்து அமர்த்தப்பட்ட பிள்ளைகள் அதனை நன்கறிவர்.

மாரியன் ஆண்டர்சனின் பாட்டு

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது இதனினும் பெரிது. மாரியன் ஆண்டர்சன் பிலடெல்பியாவில் 1897இல் எளிய குடும்பத்தில் பிறந்தவர். நிறம் காரணமாக இசைப்பள்ளியில் இடம் மறுக்கப்பட்டவர். ஐரோப்பிய நாடுகளின் அரங்குகளெல்லாம் அவர் குரலைக் கேட்டு வியந்தன. 1936இல் வெள்ளை மாளிகையிலேயே அவர் பாடியிருந்தார். 1939இல் வாஷிங்டனில் அவரைப் பாடவைக்க ஹோவார்டு பல்கலைக்கழகம் முயன்றபோது, நகரின் பேரரங்கமாகிய அரசியலமைப்பு மண்டபம் மறுக்கப்பட்டது. அம்மண்டபம் 'அமெரிக்கப் புரட்சியின் புதல்வியர்' என்னும் அமைப்புக்கு உரியது. வெள்ளைக் கலைஞர்க்கே இடம் என்பது அதன் விதி. வெள்ளையர் பள்ளி ஒன்றின் அரங்கைத் தரவும் நகரக் கல்விக்குழு இசையவில்லை.

எலினார் அவ்வமைப்பின் உறுப்பினர். பிப்ரவரித் திங்கள் இறுதியில் அவர் அதிலிருந்து விலகினார். அமைப்பின் பெயரைக் கூறாமலே, தம் பத்தியில் அச்செய்தியை எழுதினார். நாடு முழுவதும் அதனைப் படித்தது. அவர் விலகியது சரியே என்று 67 விழுக்காட்டினர் கருதியதாக அப்போது எடுக்கப்பட்ட கருத்துக்கணிப்புக் காட்டியது. ஒரு மண்டபத்தின் கதவடைப்பு நாட்டின் வழக்காயிற்று.

1939 ஏப்ரல் 9, ஈஸ்டர் ஞாயிறு. அடிமைத்தளையை அறுத்த லிங்கனின் நினைவகப் படிகளில் நின்று மாரியன் ஆண்டர்சன் பாடினார். எழுபத்தையாயிரம் மக்கள் இனவேறுபாடின்றித் திறந்தவெளியில் நின்று கேட்டனர். வானொலி வழியே கேட்டோர் எண்ணற்றோர். அவ்விழாவில் எலினாரைக் காணவில்லை. அவர் வேண்டுமென்றே விலகி நின்றாரோ, பிற அலுவல் இருந்ததோ, எதுவாயினும் அன்று மக்களின் கண் முழுவதும் பாடகி மீதே நிலைத்தது. அவ்வாண்டு ஜூலையில் ரிச்மண்டு நகரில், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் ஸ்பிங்கார்ன் பதக்கத்தை மாரியன் ஆண்டர்சனுக்கு அணிவிக்கும் பணியை எலினார் ஏற்றார்.

புகழோடு வந்த பழி

பார்வையோடு பழியும் வரும். எலினார் ஓயாது பயணம் செய்வதும், எழுதிப் பொருளீட்டுவதும், கறுப்பின மக்களோடு படம் எடுத்துக்கொள்வதும் ஏச்சுக்கும் ஏளனத்திற்கும் இலக்காயின. 1941 மார்ச்சில் டஸ்கீகி நகரில், கறுப்பின விமானி ஆல்பிரட் ஆண்டர்சன் ஓட்டிய சிறு விமானத்தில் அவர் ஏறிப் பறந்தார். கறுப்பர்க்கு விமானம் ஓட்டும் திறன் உண்டா என்று ஐயுற்றோர்க்கு அஃதொரு விடையாயிற்று. வெறுப்போர்க்கோ மேலும் ஒரு குற்றச்சாட்டாயிற்று.

போர்க்காலத்தில் தென்மாநிலங்களில் வேடிக்கையான வதந்தி ஒன்று பரவியது. கறுப்பின வீட்டுப் பணிப்பெண்கள் 'எலினார் மன்றங்கள்' என்னும் இரகசியச் சங்கங்கள் அமைத்துச் சமையலறையை விட்டு வெளியேறச் சூளுரைத்துள்ளனர் என்பதே அது. அரசின் புலனாய்வுத் துறை ஆராய்ந்தும் அத்தகைய மன்றம் ஒன்றும் அகப்படவில்லை. போர்த் தொழிற்சாலைகளில் நல்ல கூலி கிடைத்ததால் பணிப்பெண்கள் விலகினர் என்பதே உண்மை. ஏவல் செய்தோர் நிமிர்ந்தால் யாரோ தூண்டிவிட்டனர் என்று கூறும் வழக்கம் எந்நாட்டிற்கும் பொதுவே போலும். அம்மையாரைப் பற்றி அப்புலனாய்வுத் துறை சேர்த்துவைத்த கோப்பு மூவாயிரம் பக்கங்களுக்கு மேல் நீண்டது.

கைகூடாதவையும் குறைகளும்

புகழ்மாலை சூட்டுவது மட்டும் வரலாறாகாது. எலினாரின் கை எட்டாத இடங்களையும் நாம் கூறவேண்டும். வேலையற்ற சுரங்கத் தொழிலாளர்க்காக மேற்கு வர்ஜீனியாவில் ஆர்தர்டேல் என்னும் புதுக்குடியிருப்பை உருவாக்க அவர் அரும்பாடுபட்டார். ஆனால், அங்குக் கறுப்பினத்தவர்க்கு இடமில்லை என்று குடியேறிய வெள்ளையர் முடிவு செய்தனர். அவர் மாற்ற முயன்றும் அம்முடிவு மாறவில்லை.

கும்பல் கொலையைத் தடுக்கும் சட்டத்திற்காகக் கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் செயலாளர் வால்டர் ஒயிட் போராடினார். அவர் 1934இல் குடியரசுத் தலைவரைச் சந்திக்க எலினாரே வழிசெய்தார். தலைவரோ, சட்டமன்றக் குழுக்களில் ஆதிக்கம் செலுத்திய தென்மாநில உறுப்பினரைப் பகைத்துக்கொள்ள இசையவில்லை. சட்டம் நிறைவேறவில்லை. அத்தகைய சட்டம் அமெரிக்காவில் நிறைவேறியது 2022ஆம் ஆண்டில்தான். மனைவியின் நெஞ்சுருக்கம் கணவரின் வாக்குக் கணக்கை வெல்ல இயலாதென்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

அதேவேளை, மற்றொரு நிகழ்ச்சியையும் இதனோடு ஒப்பிட வேண்டும். 1941இல் பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவர்க்கு வேலை மறுக்கப்பட்டபோது, தொழிற்சங்கத் தலைவர் பிலிப் ராண்டால்ஃப் தலைநகரை நோக்கிப் பேரணி நடத்தப்போவதாக அறிவித்தார். அதனைக் கைவிடுமாறு கேட்கத் தூது சென்றவர் எலினார். ராண்டால்ஃப் இணங்கவில்லை. அவர் உறுதியைக் கணவரிடம் எடுத்துரைத்தவரும் எலினாரே. ஜூன் 25ஆம் நாள் வேலையில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்யும் ஆணை வெளிவந்தது. அதன் பின்னரே பேரணி நிறுத்தப்பட்டது. பரிவு மட்டும் இருந்தபோது கிடைக்காதது, அணிதிரண்ட மக்கள் வாயிலில் நின்றபோது கிடைத்தது.

1942இல், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வழியினர் ஏறத்தாழ ஓரிலட்சத்து இருபதாயிரவரை முகாம்களில் அடைக்க அவர் கணவர் ஆணையிட்டார். எலினார் தனிமையில் எதிர்த்தார். வெளியில் எதிர்த்துப் பேசவில்லை. 1943இல் அரிசோனாவிலிருந்த முகாம் ஒன்றைச் சென்று பார்த்து, அம்மக்களுக்காகப் பரிந்து எழுதினார். எனினும், பேச வேண்டிய நாளில் பேசாமை ஒரு குறையே.

மாளிகையிலிருந்து மன்றத்திற்கு

1945 ஏப்ரல் 12ஆம் நாள் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் மறைந்தார். பதவியோடு வந்த பார்வை பதவியோடு போய்விடும் என்றே எலினார் எண்ணினார். ஆனால், அவ்வாண்டு இறுதியில் புதிய தலைவர் ட்ரூமன் அவரை ஐக்கிய நாடுகள் அவைக்குப் பேராளராக நியமித்தார். மனித உரிமை ஆணையத்தின் தலைமை அவரிடம் வந்தது. சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், பிரான்சின் ரெனே காசின் முதலியோரோடு அமர்ந்து, உலக மனித உரிமைப் பிரகடனத்தை உருவாக்கும் பணியை அவர் நடத்தினார். இந்தியாவின் சார்பில் அவ்வாணையத்தில் இருந்தவர் ஹன்சா மேத்தா அம்மையார். முதற் பிரிவில் 'ஆடவர்' என்றும் பொருள்படக்கூடிய சொல்லை நீக்கி, 'மனிதப் பிறவியர் அனைவரும்' என்று அமையச் செய்த பெருமை ஹன்சா மேத்தாவைச் சாரும்.

1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் அப்பிரகடனம் ஏற்கப்பட்டது. ஆதரவு 48; எதிர்ப்பு இல்லை; வாக்களியாது நின்ற நாடுகள் 8. நின்றவற்றுள் நிறவெறித் தென்னாப்பிரிக்காவும் ஒன்று என்பது வியப்பன்று.

இங்கும் ஒரு கறை உண்டு. அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரை உலகின்முன் வைக்கும் மனுவொன்றை, அறிஞர் டபிள்யூ. இ. பி. டூபாய்ஸின் முயற்சியால், கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கம் 1947இல் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளித்தது. அச்சங்கத்தின் ஆட்சிக்குழுவிலேயே எலினார் இருந்தார். இருந்தும், சோவியத் நாடு அதனைத் தன் நாட்டிற்கு எதிராகப் பயன்படுத்தும் என்று கருதி, அவர் அம்மனுவை ஆதரிக்க மறுத்தார். பர்மிங்காமில் நடுவே நாற்காலி இட்டவர், இவ்விடத்தில் அரசின் பக்கம் நாற்காலியை இட்டுக்கொண்டார்.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1946இல், அண்ணல் அம்பேத்கர் டூபாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார் என்பது நாமனைவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. அமெரிக்கக் கறுப்பின மக்கள் சார்பில் தேசிய நீக்ரோ காங்கிரஸ் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த வேறொரு மனுவின் படியை அண்ணல் அதில் கேட்டிருந்தார். தீண்டத்தகாதோரின் நிலையும் கறுப்பின மக்களின் நிலையும் பெரிதும் ஒத்தவை. ஆதலின் அதனை ஆராய்தல் தேவை என்பது அவர் கருத்து. ஜூலை 31ஆம் நாள் டூபாய்ஸ் பரிவோடு விடையெழுதினார். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1913 முதல் 1916 வரை பயின்ற அண்ணலுக்கு அந்நாட்டின் நிறப்பாகுபாடு புதிதன்று. மேலிடத்துப் பெண்மணியின் பரிவு தயங்கி நின்ற இடத்தில், ஒடுக்கப்பட்ட மக்களின் அறிஞர்கள் கடல் கடந்து ஒருவர் கையை ஒருவர் பற்ற முனைந்தனர்.

எனினும், எலினார் கற்பதை நிறுத்தியவரல்லர். 1952இல் நேருவின் அழைப்பின்பேரில் இந்தியாவிற்கு வந்து, கண்டவற்றை அடுத்த ஆண்டு நூலாக எழுதினார். 1958இல், வெள்ளை நிறவெறிக் கும்பலின் மிரட்டலைப் பொருட்படுத்தாமல், எழுபத்து மூன்றாம் வயதில், டென்னசி மாநிலத்தில் இரு இனத்தவரும் கூடிப்பயின்ற ஹைலண்டர் பள்ளிக்குச் சென்று பேசினார். 1962 நவம்பர் 7ஆம் நாள், எழுபத்தெட்டாம் வயதில், நியூயார்க் நகரில் காலமானார். பதவியிலிருந்த தலைவர் கென்னடியும், முன்னாள் தலைவர்கள் ட்ரூமனும் ஐசனோவரும் இறுதிச்சடங்கில் கலந்துகொண்டனர். மறு ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், அதே லிங்கன் நினைவகத்தின்முன் மார்ட்டின் லூதர் கிங் பேசிய பேரணியில் மாரியன் ஆண்டர்சன் மீண்டும் பாடினார்.

நாம் கொள்ளத்தக்கது

எலினார் ரூஸ்வெல்ட்டின் வாழ்வினின்று இரண்டு உண்மைகளை நாம் கொள்கிறோம். உயர்ந்த இடத்தில் இருப்போர் தம்மீது விழும் பார்வையை ஒடுக்கப்பட்டோர் மீது திருப்புவாராயின், அதனால் விளையும் நன்மை உண்மையானது. அதனை நன்றியோடு ஒப்புதல் நம் கடமை. அதே அளவு உண்மை, அப்பரிவுக்கு எல்லை உண்டு என்பது. அவ்வெல்லைக்கு அப்பால் நம்மை இட்டுச் செல்வது பெத்யூனின் பள்ளியும், ராண்டால்ஃபின் சங்கமும், மாரியன் ஆண்டர்சனின் பயின்ற குரலும், அண்ணலின் எழுதுகோலும் போன்றவையே. அவை இல்லாதிருந்தால் முதற் பெண்மணியின் விளக்கொளி விழுவதற்கு எதிரே எவரும் எழுந்து நின்றிருக்க மாட்டார்.

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் சங்கம் எழுத்தறிவித்து வளர்த்த பிள்ளைகளுள் சிலர், நாளை அலுவலகங்களிலும் அவைகளிலும் உயர்ந்த இடம் பெறுவர். அன்று அவர்கள்மீதும் பலருடைய கண்கள் விழும். அக்கண்களைக் கண்டு நாணவும் வேண்டா, மயங்கவும் வேண்டா. தம் தெருவில் இன்னும் பார்க்கப்படாதிருக்கும் ஒரு குழந்தையின் பக்கம் அவற்றைத் திருப்புவார்களாயின், இவ்வெள்ளி விழாவின் பயன் நிறைவேறியதாக நாம் மகிழ்வோம்.